மூலிகை கேப்ஸ்யூல் கொடுத்தால் அம்மாவின் மறதி குறையுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. ஆரம்பநிலை அல்சைமர் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இரவில் டோனெபெசில் 10 மி.கி. மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் உண்டு. மூளையில் ஏற்படும் அழற்சிதான் நோயை வளர்க்கிறது, மூலிகைகள் அதை அடக்கும் என்று படித்த அண்ணன், குர்குமின், ஜின்கோ, நீர்ப்பிரமி மூன்றும் கலந்த கேப்ஸ்யூலை வாங்கி வந்திருக்கிறார். ரோஸ்மேரியில் உள்ள ஒரு பொருள் அல்சைமரைச் சரிசெய்கிறது என்றும் செய்தி பார்த்தோம். டோனெபெசிலை நிறுத்திவிட்டு இதை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் அண்ணன். கொடுக்கலாமா? அம்மாவுக்குத் தூக்கமும் சரியில்லை. அதற்காக இரவில் ஒரு அலர்ஜி மாத்திரையைத் தானாகவே போட்டுக்கொள்கிறார்.

பதில்: டோனெபெசிலை நிறுத்த வேண்டாம். இதை முதலில் உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை, உண்மைதான். ஆனால் அதை நிறுத்திய சில வாரங்களில் நினைவும் அன்றாட வேலைகளும் மளமளவென்று சரிவதுண்டு. மறுபடி தொடங்கினாலும் இழந்தது முழுவதும் திரும்பிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது.

மூலிகைகளைப் பற்றி அண்ணன் நம்புவதில் நியாயம் இருக்கிறது. அல்சைமருக்கு இன்று நாங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான காலன்டமின், ஸ்னோட்ராப் என்ற பூச்செடியின் கிழங்கிலிருந்து வந்தது. 1950களில் பல்கேரியாவில் அதைப் பிரித்தெடுத்துத் தசை, நரம்புக் கோளாறுகளுக்குப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் 2001-ல் அல்சைமருக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. இடையில் கழிந்த காலத்தைக் கவனியுங்கள். எந்தப் பொருள் வேலை செய்கிறது, எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அது மருந்தானது. அதன் பலனும் ஓரளவுதான்.

அழற்சி விஷயத்துக்கு வருகிறேன். மூளையில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் உண்டு. இறந்துபோன செல்களையும் அமிலாய்டு புரதக் கழிவையும் விழுங்கி அகற்றுவது அவற்றின் வேலை. அல்சைமரில் அமிலாய்டு படிவுகளைச் சுற்றி இவை கூட்டமாகச் சேர்கின்றன. தொடக்கத்தில் இதனால் நன்மைதான். வருடக்கணக்கில் கொதிநிலையிலேயே இருந்துவிட்டால், இவை விடும் அழற்சிப் பொருட்கள் அக்கம்பக்கத்து நரம்பு செல்களையும் கெடுக்கின்றன. நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகளையே இவை விழுங்கத் தொடங்குகின்றன. ஆக, நீங்கள் படித்தது பொய்யில்லை.

அழற்சியை அடக்கினால் மறதி நிற்குமா என்பதுதான் சிக்கலான கேள்வி. மூலிகைகளைவிடப் பல மடங்கு வலுவான அழற்சித் தடுப்பு மருந்துகளை வைத்தே இதைச் சோதித்துவிட்டார்கள். குடும்பத்தில் அல்சைமர் இருந்த, 70 வயது தாண்டிய முதியவர்களுக்கு நாப்ராக்சென், செலிகாக்சிப் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு அது. இதயப் பாதுகாப்பு பற்றிய கவலையால் 2004 டிசம்பரில் மாத்திரைகளை நிறுத்தினார்கள். பிறகும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை. மைக்ரோகிளியாவின் கெடுதலோடு அதன் நல்ல வேலையையும் சேர்த்து முடக்கினால் என்ன ஆகும், எந்தக் கட்டத்தில் அடக்க வேண்டும் என்பதெல்லாம் இன்னும் ஆராயப்படுகின்றன. 'அழற்சியைக் குறைக்கும்' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால், அதை 'நினைவைக் காக்கும்' என்று படித்துவிடாதீர்கள்.

குர்குமின் மஞ்சளில் இருக்கும் பொருள். சோதனைக்குழாயில் அழற்சியையும் அமிலாய்டு திரள்வதையும் அழகாகத் தடுக்கிறது. வாய்வழியாகக் கொடுத்தால் கதை வேறு. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சொற்பமாகத்தான் தென்படும். மூளைக்குப் போய்ச் சேருவது அதிலும் சொற்பம். அல்சைமர் உள்ள 36 பேருக்கு 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்து 2012-ல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. நன்றாக உறிஞ்சப்படும் வகைக் குர்குமினை 18 மாதங்கள் கொடுத்தபோது நினைவாற்றல் கூடியதாக 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் பங்கேற்றவர்கள் 40 பேர், ஒருவருக்கும் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், இல்லை. உங்கள் அம்மாவுக்கு அந்த முடிவைப் பொருத்திப் பார்க்க முடியாது.

உறிஞ்சப்படுவதற்காகச் சில கேப்ஸ்யூல்களில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது கல்லீரலின் நொதிகளைத் தடுப்பதால், கூடவே எடுக்கும் மற்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். செறிவூட்டிய மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அப்படி வந்தவர்களில் பலர் பைப்பரின் கலந்ததைத்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

ஜின்கோ ஒரு மரத்தின் இலைச்சாறு. அது டிமென்ஷியாவைத் தடுக்குமா என்று பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். 75 வயது தாண்டிய 3,069 பேருக்குத் தினம் இரு வேளை 120 மி.கி. கொடுத்து, ஏறத்தாழ ஆறு வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களுக்கு எவ்வளவு டிமென்ஷியா வந்ததோ, ஜின்கோ எடுத்தவர்களுக்கும் அதே அளவு வந்தது. 2008-ல் வெளியான முடிவு இது. அதோடு ஆஸ்பிரின் எடுப்பவருக்கு ஜின்கோவும் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு இந்த ஒரு காரணம் போதும், வேண்டாம் என்று சொல்ல.

நீர்ப்பிரமியை வைத்துச் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் நோயில்லாதவர்களிடம் நடந்தவை. வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். டோனெபெசிலும் அதே தொல்லையைத் தருவதால் இரண்டும் சேர்வது நல்லதில்லை.

ரோஸ்மேரி செய்தி எனக்கும் ஆர்வமூட்டியது. ரோஸ்மேரி, சேஜ் செடிகளில் கார்னோசிக் அமிலம் இருக்கிறது. அழற்சி இருக்கும் இடத்தில்தான் அது உருமாறி, செல்லின் தற்காப்பு ஏற்பாட்டை முடுக்கிவிடுகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் சும்மா இருந்துவிடுவது அதன் சிறப்பு. காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் பொருள் என்பதால், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தினர் அதைக் கெடாத வடிவமாக மாற்றினார்கள். உடலுக்குள் போனதும் அது மறுபடி கார்னோசிக் அமிலமாகிவிடும். அல்சைமர் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது நினைவு மேம்பட்டது, நரம்பு இணைப்புகள் கூடின, அழற்சி குறைந்தது என்று 2025-ல் வெளியிட்டார்கள். நல்ல வேலை. ஆனால் எலிகளைக் குணப்படுத்திய எத்தனையோ பொருட்கள் மனிதர்களிடம் தோற்றிருக்கின்றன. தவிர, அவர்கள் சோதித்தது மாற்றியமைத்த பொருளை. ரோஸ்மேரி எண்ணெயோ ரோஸ்மேரி மாத்திரையோ அதற்கு ஈடாகாது.

இன்னொரு மூலிகைப் பொருளையும் சொல்லிவைக்கிறேன். 'நினைவாற்றல்' கலவைகளில் ஹூபர்சின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது டோனெபெசில் செய்யும் அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாடித்துடிப்பு மிகக் குறைந்து மயங்கி விழ நேரலாம். ஒவ்வொரு பொருளும் எத்தனை மி.கி. என்று சொல்லாமல் 'சிறப்புக் கலவை' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த டப்பாவையே ஒதுக்கிவிடுங்கள். ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்து, கண் மஞ்சளாவது, மலம் கறுப்பாகப் போவது, மயக்கம் வருவது என்று எது தெரிந்தாலும் கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது அந்த அலர்ஜி மாத்திரைதான். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், அதாவது டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்றவை, மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. நினைவுக்குத் தேவையான அந்த அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்காகத்தான் டோனெபெசிலே கொடுக்கிறோம். ஒரே இரவில் ஒரு மாத்திரை ஏற்றிவிடுவதை இன்னொன்று இறக்கிவிடுகிறது. முதியவர்களுக்கு இதனால் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தடுமாறி விழுவது எல்லாம் வரலாம்.

அந்தத் தூக்கமின்மைக்கே டோனெபெசில் காரணமாக இருக்கலாம். இரவில் எடுக்கும்போது சிலருக்குத் தூக்கம் கெடும், உண்மை போலவே கனவுகள் வரும். அதைக் காலைக்கு மாற்றினாலே பலருக்குத் தூக்கம் சீராகிவிடுகிறது. நரம்பியல் மருத்துவருக்கு இந்த வாரமே போன் செய்து, காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அலர்ஜி மாத்திரையின் அட்டையையும் அண்ணன் வாங்கிய டப்பாவையும் அடுத்த முறை போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். வைட்டமின் பி12, தைராய்டு, காது கேட்கும் திறன் மூன்றையும் இதுவரை பார்க்கவில்லை என்றால் அப்போதே எழுதித் தரச் சொல்லுங்கள்.