பொதுக் கட்டடங்களில் தடையற்ற சூழல்: கேட்டுப் பெறுவதற்கு ஆட்களைப் பழக்குவது எப்படி?

கொங்கு மாவட்டங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் சில, தங்கள் ஊரின் சமுதாயக் கூடம், திருமண மண்டபம், கோயில், நூலகம் ஆகியவற்றில் அணுகல் வசதி வேண்டிப் பேசக்கூடியவர்களைத் தாங்களே பயிற்றுவிக்க முன்வந்திருக்கின்றன. இது மிகவும் தேவையான பணி. அவர்களிடமிருந்தும் பிற வாசகர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் சங்கத்தில் பதினைந்து பேர் பயிற்சிக்குத் தயாராக இருக்கிறார்கள். முதலில் சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதா, பேசப் பழக்குவதா? (கோபிசெட்டிபாளையம்)

இரண்டுக்கும் முன்னால் அளக்கக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் அடிக்கடி போய்வர வேண்டிய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி அந்தக் கட்டடத்தின் கழிப்பறை வரை எல்லோரும் சேர்ந்து சென்று, யார் எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அளவு நாடாவையும் கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தையும் கையில் கொடுத்து, படிகளின் உயரம், கதவு திறந்த நிலையில் கிடைக்கும் வழியின் அகலம், கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்புவதற்கான இடம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். கதவில் குறைந்தது 90 சென்டிமீட்டர் வழி வேண்டும். சக்கர நாற்காலி முழுவதும் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். மூன்றடி நிலை வைத்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். இரு பக்கத்து மரச்சட்டமும் கதவின் கனமும் போக அதில் மிஞ்சுவது 75 சென்டிமீட்டர் அளவே இருக்கும். இதைத் தானே அளந்து கண்டவர், பின்னர் எந்தப் பொறியாளர் முன்னாலும் தடுமாற மாட்டார்.

சட்டத்தை அடுத்த அமர்வில் வைத்துக்கொள்ளலாம். பேச்சுப் பயிற்சி அதற்கும் பிறகுதான். அதில் ஒருவர் ஊராட்சித் தலைவராகவும் ஒருவர் ஒன்றியப் பொறியாளராகவும் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் முறைவைத்து அவர்களிடம் கோரிக்கையைச் சொல்லட்டும். என்ன வேண்டும், எந்த அளவில் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற மூன்றும் சுருக்கமாக வந்துவிட வேண்டும். தன் துன்பத்தை மட்டும் விவரிப்பவருக்கு அனுதாபம் கிடைக்கும். வாசலின் அளவையும் சொல்பவருக்கே வேலை நடக்கும். நம் பக்கத்தில் மறுக்க மனமில்லாதவர்கள் “பார்க்கலாங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். அங்கேயே எழுந்து வந்துவிடாமல், “எந்த வாரம் வந்து பார்க்கட்டுங்க?” என்று மரியாதை குறையாமல் கேட்டு, சொன்ன தேதியை அவர் முன்பாகவே எழுதிக்கொள்ளப் பழக்குங்கள்.

பயிற்சி நடக்கும் இடத்திலேயே படி இருந்தால் எல்லாம் வீணாகிவிடும். வருபவர்களுக்கும் துணைக்கு வருபவர்களுக்கும் வழிச்செலவு கொடுங்கள். தறியிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி என்பது ஒரு நாள் கூலி இழப்பு என்பதால், அதை ஈடுகட்ட முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் அரைநாள் அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். என் தம்பி பின்னாலிருந்து தள்ளியும் ஏற முடியவில்லை. விதிப்படி கட்டியதாகச் சொல்கிறார்கள். (பொள்ளாச்சி)

அதன் உயரத்தையும் நீளத்தையும் அளந்து பாருங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்க வேண்டும். தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் சாய்தளம் 7.2 மீட்டர் நீண்டிருக்க வேண்டும். இடமில்லை என்பார்கள், நேராகப் போட இடமில்லையென்றால் நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையாமல், இரு பக்கமும் கைப்பிடி இருக்கட்டும். மேற்பரப்பையும் பாருங்கள். மெருகேற்றிய கிரானைட் மழை நாளில் வழுக்கும். இருசக்கர வாகனம் ஏற்றுவதற்காக ஆழமாகக் கோடு வெட்டிய சிமெண்ட் தளத்தில் நாற்காலியின் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும். சொரசொரப்பான கல்லே ஏற்றது. நம் பகுதியில் கல்லுக்குக் குறைவில்லை.

மண்டப உரிமையாளர், “இது தனியார் இடம், அரசாங்கச் சட்டம் இங்கே செல்லாது” என்கிறார். என்ன பதில் சொல்லப் பழக்குவது? (திருப்பூர்)

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் அதைப் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது. வணிகம், வழிபாடு, கலாசாரம், பொழுதுபோக்கு எல்லாமே அதில் அடங்கும். பிரிவு 44, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்றும், விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று வழங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களுக்குப் பிரிவு 45 ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டதால் அந்த அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் பிரிவு 89-இன்படி முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவற்றை விதிகளாக வகுக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இவற்றைப் பயிற்சி பெறுபவர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஆனாலும் அபராதத்தை முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்வது நல்லதன்று என்பது என் கருத்து. முகூர்த்த நாட்களில் அவருக்குப் பேச நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலியாக இருக்கும். வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு வேலைகளைப் பலரும் அப்போதுதான் வைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அளவுகள் எழுதிய ஒற்றைத் தாளுடன் செல்லுங்கள். நுழைவாயிலோடு நிறுத்திவிடாமல், பந்தி நடக்கும் கூடத்துக்கும் மணமேடைக்கும் செல்லும் வழியையும் சேர்த்துக் கேளுங்கள். வாசலில் சாய்தளம் இருந்தும், சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில் இருப்பதால் தன் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார முடியாமல் திரும்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பாத்திரமும் நாற்காலியும் அடுக்கிய அறையாகப் பூட்டிக் கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் குலதெய்வக் கோயிலில் திருப்பணி தொடங்கவிருக்கிறது. சாய்தளம் கேட்டால் ஆகமத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பங்காளிகள் கூட்டத்தில் எப்படிப் பேசுவது? (காங்கயம் அருகிலிருந்து)

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கல்வேலை முடிந்து கும்பாபிஷேகமும் ஆகிவிட்டால், அடுத்த திருப்பணி வரை பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும். ஸ்தபதி வரைபடம் போடும் இந்த நாட்களில் பேசினால் கூடுதல் செலவு சிறிதாகவே இருக்கும்.

உங்கள் கோரிக்கையை இடம் இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கருவறையையும் அர்த்த மண்டபத்தையும் நீங்கள் தொடச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். நீங்கள் கேட்பது வெளிவாசல், பிராகாரம், சாமியைப் பார்க்கக்கூடிய இடம் வரையிலான வழி, அன்னதானக் கூடம், கழிப்பறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றைத்தான். இவற்றில் பெரும்பாலானவை ஆகம விவாதத்துக்குள் வருவதே இல்லை. அகற்றக் கூடாத நிலைப்படி இருந்தால், இரு பக்கமும் சரிவாகச் செதுக்கிய மரப்பலகையைத் தேவைப்படும்போது போட்டு எடுக்கலாம். தெருவில் உருண்ட சக்கரம் உள்ளே வரலாமா என்ற தயக்கமும் எழும். கோயிலுக்கென்று நாற்காலி ஒன்று வாங்கி வைக்கிறோம் என்பார்கள். அது வயதானவர்களுக்கு உதவும் என்றாலும், தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குத் தம் உடலுக்கேற்ற நாற்காலியிலிருந்து மாறி உட்காருவது ஆபத்தாகலாம். சக்கரங்களை வாசலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அனுமதிப்பதே சரியான வழி. அதற்கான துணியும் தண்ணீரும் வைப்பதைக் கோரிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டத்தில் யார் பேசுவது என்பதும் முக்கியம். பயிற்சி பெற்ற பங்காளி ஒருவரே பேசட்டும், வெளியாள் வேண்டாம். முழங்கால் வலியால் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட மூத்த பெண்களை முன்கூட்டியே சந்தித்து, அவர்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். சாய்தளம் யாருக்காக என்று கேட்பவர்கள் தங்கள் சொந்த ஆத்தாவையே எதிரில் காண்பார்கள். வழிபாட்டிடங்களும் பொதுக் கட்டடம் என்ற வரையறைக்குள் வருகின்றன என்பதைக் கடைசியாகச் சொன்னால் போதும்.

பயிற்சிகளில் எப்போதும் சாய்தளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் குழுவில் காது கேளாதவர் ஒருவரும் பார்வையற்றவர் இருவரும் இருக்கிறோம். (ஈரோடு)

உங்கள் குறை நியாயமானது. சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருக்கும்போது, பயிற்சி சக்கர நாற்காலியோடு நின்றுவிடுவது பெரிய தவறு. பார்வையற்றவர்கள் நடந்து பார்க்கும் அமர்வு ஒன்றை உங்கள் இருவர் பொறுப்பில் நடத்துங்கள். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் கதவுகள், படிக்கட்டின் அடியில் திறந்து கிடக்கும் இடம், கடைசிப் படிக்கும் தரைக்கும் ஒரே நிறம், நடைபாதையில் நிறுத்திய வண்டிகள் என்று மற்றவர்கள் கவனிக்காதவை பல வெளிப்படும். படிகளின் விளிம்பில் வேறுபட்ட நிறத்தில் பட்டை போடுவது பெயின்டர் ஒரே நாளில் முடிக்கும் வேலை.

காது கேளாதவர் கலந்துகொள்ளும் எல்லா அமர்வுக்கும் சைகை மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வீட்டார் எவரையாவது அழைத்துவந்து மொழிபெயர்க்கச் சொன்னால் அவர்கள் சுருக்கிவிடுவார்கள். கட்டடங்களில் அவர் கேட்க வேண்டியவை: எழுத்தில் அறிவிப்பு, வரிசை எண் காட்டும் பலகை, தீ விபத்து எச்சரிக்கைக்கு ஒளிரும் விளக்கு.

எனக்குப் பேச்சு தெளிவாக வராது. அண்ணன்தான் எல்லா இடத்திலும் எனக்காகப் பேசுகிறார். நான் பயிற்சிக்கு வருவதில் பயன் உண்டா? (கோவை)

கண்டிப்பாக உண்டு, வாருங்கள். கோரிக்கையை அட்டையில் எழுதிக் காட்டலாம். கைபேசியில் தட்டச்சு செய்து ஒலிக்க வைக்கலாம். நிதானமாகப் பேசி, புரியாத சொல்லை அண்ணன் திரும்பச் சொல்லலாம். அதிகாரி அண்ணனைப் பார்த்துக் கேள்வி கேட்டால், அவர் பதில் சொல்லாமல் உங்கள் பக்கம் திரும்ப வேண்டும். இதற்கு அண்ணனுக்கும் பயிற்சி தேவை, அவரையும் அழைத்து வாருங்கள்.

நிதி இல்லை என்கிறது பேரூராட்சி. (கரூர் மாவட்டம்)

சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிகளையும், ஊர் மக்கள் பங்களிப்புடன் செயல்படும் ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். எதுவானாலும் மதிப்பீட்டுத் தொகை கையில் இருந்தால்தான் பேச்சு நகரும். ஊர்க் கொத்தனாரிடம் கணக்குப் போட்டு வாங்கிச் செல்லுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். “உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்ததோடு சரி. (நாமக்கல்)

மனுவைக் கொடுத்த பிறகு செய்ய வேண்டியவற்றைப் பயிற்சிகளில் ஒதுக்கிவிடுகிறோம், அங்கேதான் பெரும்பாலானோர் சோர்ந்துபோகிறார்கள். மனு எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, அதைப் பின்தொடரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஒரு மாதத்தில் அசைவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, அந்த மனு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, கட்டடத்துக்கு நிறைவுச் சான்று கொடுத்தபோது அணுகல் வசதி பற்றி என்ன குறிப்பு எழுதப்பட்டது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கட்டடம் ஊராட்சியுடையதானால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்து, அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்பதைப் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். இவற்றுக்கும் பலன் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு முறையிடலாம். விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அந்தப் பொறுப்புக்கு விண்ணப்பிக்கும்படி உங்கள் குழுவில் அளக்கவும் எழுதவும் பழகியவர்களைத் தூண்டுங்கள். உங்கள் பகுதியில் ஏற்கெனவே நியமிக்கப்பட்டவர் இருந்தால், மனுவின் நகலை அவரிடம் கொடுத்து, அடுத்த பயிற்சிக்கு அவரையும் அழையுங்கள்.