உயரத்துக்கு ஏற்ற எடையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 165 செ.மீ., எடை 70 கிலோ. உயரத்திலிருந்து நூறைக் கழித்தால் வருவதே சரியான எடை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதன்படி நான் 65 கிலோ இருக்க வேண்டும். ஓர் அட்டவணை 67 கிலோ வரை இருக்கலாம் என்கிறது. இன்னொன்று 62 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இவற்றுள் எதை நான் பின்பற்றுவது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கணக்குகளிலிருந்து வந்தவை. நூறைக் கழிக்கும் முறை, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்குவது. மனத்தில் வைத்துக்கொள்ள எளிது என்றாலும், அது எல்லா உயரத்தினரையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. 190 செ.மீ. உயரமுள்ளவரை அது இயல்பு வரம்பின் மேல் விளிம்பு வரை அனுமதிக்கிறது, 145 செ.மீ. உயரமுள்ளவரிடமோ 45 கிலோ என்று மிகவும் கண்டிப்பாக நிற்கிறது. ஆகவே அதை விட்டுவிடலாம்.

மற்ற இரண்டும் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியெண்ணிலிருந்து பிறந்தவை. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உங்கள் உயரத்தின் வர்க்கம் 1.65 × 1.65, அதாவது ஏறத்தாழ 2.72, 70ஐ அதனால் வகுத்தால் 25.7 கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வகைப்பாட்டில் 18.5 முதல் 24.9 வரை இயல்பானது, 25 முதல் 29.9 வரை கூடுதல் எடை, 30ம் அதற்கு மேலும் உடல் பருமன். உங்கள் உயரத்துக்கு இயல்பு வரம்பு சுமார் 50 கிலோவில் தொடங்கி 67 கிலோவைச் சற்றுத் தாண்டி முடிகிறது. ஆனால் ஆசிய வம்சாவளியினருக்கு, ஒரே குறியெண்ணிலும் உடலில் கொழுப்பின் பங்கு பெரும்பாலும் கூடுதலாக இருப்பதாலும், சர்க்கரை நோய்க்கான அபாயம் முன்னதாகவே தொடங்கிவிடுவதாலும், 23லிருந்தே கவனம் தேவை என்று அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. 62 கிலோ என்ற எண் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இவ்விரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் உங்கள் எடை சற்றுக் கூடுதல்தான். இருந்தாலும் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இந்தக் குறியெண்ணுக்குத் தசையையும் கொழுப்பையும் பிரித்தறியத் தெரியாது. கடுமையான உடற்பயிற்சியால் தசை திரண்ட ஒருவரும், அசைவின்றி அமர்ந்தே வேலை செய்யும் ஒருவரும் ஒரே எண்ணைப் பெறலாம். கர்ப்பிணிகளுக்கும், உடலில் நீர் கோத்தவர்களுக்கும் இது பொருந்தாது. வளரும் பிள்ளைகளுக்கு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடங்களே வேண்டும்.

ஆதலால், எடையைவிட வயிற்றுச் சுற்றளவை நான் பெரிதாக மதிக்கிறேன். கல்லீரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் உட்கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருங்கிய தொடர்புடையது. எடை இயல்பாக இருப்பவரிடத்தும் அது மறைந்திருக்கக் கூடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பதிலும், கால்சட்டையின் அளவைப் பார்த்துச் சொல்வதிலும் பயனில்லை. சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருப்பது நல்லது. உங்களுக்கு அந்த எல்லை 82.5 செ.மீ.

உங்கள் சுற்றளவு அந்த எல்லைக்குள் இருந்து, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளும் சீராக இருந்தால், இந்த எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. சுற்றளவு மிகுந்திருந்தால், 62 கிலோ என்ற தொலைதூர இலக்கை நினைத்து மலைக்க வேண்டாம். எடையில் 5 விழுக்காடு, அதாவது மூன்றரை கிலோ குறைந்தாலே இரத்தச் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் பலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது. வாரத்துக்கு அரை கிலோ அளவில் குறைவது போதுமானது. பட்டினி கிடந்து விரைவாகக் குறைத்தால் தசையும் சேர்ந்தே கரையும் என்பதால், உணவைக் கட்டுப்படுத்துவதுடன் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் அவசியம்.

எந்த முயற்சியும் செய்யாமலேயே, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தானாகக் குறைந்தால், குறியெண் இயல்பு வரம்புக்குள் வந்துவிட்டதே என்று மகிழாமல், தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள்.