கேபிள் வலையோடு வைஃபையைச் சேர்க்கும்போது

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு தைத்து ஏற்றுமதிக்குக் கொடுக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறோம், ஐயா. அலுவலகத்தில் 6 கணினிகளும் ஒரு பிரிண்டரும் கேபிளில் இணைந்திருக்கின்றன. டாலி கணக்குகள் ஒரு கணினியில் இருக்கின்றன. மற்றவர்கள் அதிலிருந்துதான் திறப்பார்கள். குடோனுக்கும் மாடியிலுள்ள சாம்பிள் அறைக்கும் வைஃபை வேண்டுமென்று புதிதாக ஒரு ரவுட்டர் வாங்கி, கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் செருகினோம். அன்றிலிருந்து சில கணினிகளில் திடீர் திடீரென்று இணையம் நிற்கிறது, டாலியும் திறப்பதில்லை. வந்துபோகும் வாடிக்கையாளர்கள் வைஃபை கடவுச்சொல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: புதிய ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதில் பழுது இருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி (வலையில் அதை அடையாளம் காட்டும் எண்) வழங்கும் வேலையை, அதாவது டிஹெச்சிபியை, இதுவரை பழைய ரவுட்டர் ஒன்றே செய்துவந்தது. இப்போது புதியதும் தன் பங்குக்கு வழங்குகிறது. எந்தக் கணினி எதனிடம் முகவரி வாங்கியதோ, அதைப் பொறுத்து ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது. இரண்டு ரவுட்டர்களுக்குமே 192.168.1.1 என்ற முகவரி இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும்.

புதியதை ஸ்விட்சிலிருந்து கழற்றி, ஒரு மடிக்கணினியோடு மட்டும் இணையுங்கள். அமைப்புகளில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ (முகவரி வழங்காமல் வைஃபையை மட்டும் தரும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் டிஹெச்சிபியை அணைத்து, பழைய ரவுட்டரின் முகவரி வரிசையிலேயே வேறு யாருக்கும் போகாத ஓர் எண்ணை அதற்கு முகவரியாகக் கொடுங்கள். பிறகு ஸ்விட்சிலிருந்து வரும் கேபிளை ‘வான்’ (WAN) துளையை விட்டுவிட்டு ‘லேன்’ (LAN) துளையில் செருகுங்கள்.

குடோனுக்கு ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சாதாரண ரிப்பீட்டர், தனக்கு வரும் வைஃபையை அதே அலையிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை தடையில்லாமல் போகும். அதை இழுத்து, இரும்பு ரேக்குகளுக்கு மேலே, உத்தரத்தில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட்டைப் பொருத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குடோனுக்கு 1, அலுவலகத்துக்கு 6, மாடிக்கு 11 என்று சேனல்களைப் பிரித்துவிட்டால் ஒன்றோடொன்று மோதாது. டாலி கணினிகளை மட்டும் கேபிளிலேயே விட்டுவைக்க மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பதிவு ஏறும் நொடியில் வைஃபை அறுந்தால் கணக்குக் கோப்பே கெட்டுப்போகக்கூடும்.

வாடிக்கையாளர்களுக்கு இணையம் கொடுங்கள், அலுவலகக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அதைப் பெற்றவரின் கைபேசி, உங்கள் கணக்குக் கணினி இருக்கும் அதே வலைக்குள் நிற்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கைபேசியில் என்ன புகுந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. விருந்தினர் வைஃபை தனியாக இருக்கட்டும். அதை இணையம் வந்து சேரும் முதன்மை ரவுட்டரிலேயே அமையுங்கள். ஆக்சஸ் பாயிண்டாக மாறிய ரவுட்டரில் அமைத்தால், பல மாடல்களில் பெயர்தான் வேறாக இருக்கும், வலை ஒன்றாகவே இருக்கும். மாடி வரை விருந்தினர் வைஃபை வேண்டுமென்றால் ஒரே கேபிளில் வலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் விலான் வசதியுள்ள ஸ்விட்சும் ஆக்சஸ் பாயிண்ட்டும் வாங்குங்கள். அந்தச் செலவு தகும்.

விருந்தினர் வைஃபைக்கும் கடவுச்சொல் கட்டாயம். 2008 அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்றுமுன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாமல் கிடந்த ஒருவரின் வீட்டு வைஃபை வழியே போயிருந்தது. சம்பந்தமே இல்லாத அவர் விசாரணையில் மாட்டிக்கொண்டார். வைஃபை பூட்டுக்கு டபிள்யூபிஏ-2 அல்லது 3 முறையை வையுங்கள், கடவுச்சொல் தட்டாமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணையுங்கள், ரவுட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் கைபேசியை விருந்தினர் வைஃபையில் இணைத்து, அலுவலக பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். தாள் வெளியே வந்தால் வலை இன்னும் பிரியவில்லை. அதுவரை வெளியார் யாருக்கும் கடவுச்சொல் தர வேண்டாம்.