வெட்டிய நுனி கறுக்கிறதா? முதலில் கத்தரியைப் பாருங்கள்

ரோஜாவைக் கவாத்து செய்து பத்து நாளில் வெட்டிய நுனி கறுத்து, கிளை மேலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மருந்து இருக்கட்டும். வெட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள். பட்டை நார்நாராகத் தொங்கி, தண்டு ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், உங்கள் கத்தரி வெட்டவில்லை, நசுக்கியிருக்கிறது. நசுங்கிய திசு செத்துப்போகும், அதில் பூஞ்சை சுலபமாக ஏறும். கூரான கத்தரி போட்ட வெட்டு மழமழவென்று இருக்கும், சீக்கிரம் ஆறிவிடும்.

தீட்டுவது கஷ்டமில்லை. சோப்புத் தண்ணீரில் பிசினைத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள், துரு இருந்தால் ஸ்டீல் உல்லால் எடுங்கள். இரண்டு அலகும் கத்தரிக்கோல் மாதிரி உரசிப் போகிற பைபாஸ் வகையில், வெட்டும் அலகின் சரிவான பக்கத்தை மட்டும்தான் தீட்ட வேண்டும். அந்தச் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு, வைரத்தூள் பதித்த சின்ன அரத்தை ஏற்கெனவே உள்ள கோணத்திலேயே (பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி) வைத்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் தள்ளுங்கள். மை ஓரம்வரை ஒரே சீராகப் போனால் கோணம் சரி, ஓரத்தில் மை தங்கி மேல்பக்கம் மட்டும் போனால் அரத்தைச் சற்றுத் தூக்குங்கள். அப்புறம் மறுபக்கத்தை விரலால் மெதுவாக வெளிப்பக்கமாகத் தடவினால் பிசிறு தட்டுப்படும். அரத்தைப் படுக்கையாக வைத்து ஓரிரு முறை லேசாக இழுத்தால் அது போய்விடும். இங்கே பலர் அந்தத் தட்டைப் பக்கத்தையும் சரிவாகத் தீட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து பட்டை அதில் மடிந்து சிக்கும்.

காகிதத்தை வெட்டிப் பாருங்கள். கூர் இருந்தும் காகிதம் மடிந்தால் நடுத் திருகு தளர்ந்திருக்கும், இறுக்குங்கள். கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய்.

கூர் மட்டும் நோயைத் தடுக்காது. நோயுள்ள செடியை வெட்டினால், அடுத்த செடிக்குப் போகும் முன் 70 சதவீத ஆல்கஹாலால் அலகைத் துடையுங்கள். பிளீச்சிங் திரவம் இரும்பை அரிக்கும், அதனால் நான் அதைச் சொல்வதில்லை.

கறுத்த கிளைகளை, உள்ளே பழுப்பே தெரியாத இடம்வரை இறக்கி, வெளிநோக்கிய மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டும்போது கூரான அலகு செடியில் நிற்கப்போகும் பக்கம் இருக்கட்டும், தடித்த அலகின் அழுத்தம் கீழே விழப்போகும் துண்டில் படட்டும்.