அபூர்வக் கப்பல் இருக்கும் இடம் ஒரே நாளில் அம்பலமாகாமல் தடுக்க முடியுமா?

குன்னூரில் உட்கார்ந்து சின்னதாக ஓர் ஆன்லைன் விண்வெளி கேம் செய்துகொண்டிருக்கும் தம்பியின் கேள்வி இது. முடியும் தம்பி. ஆனால் கப்பலை ஒளித்துவைப்பது மட்டும் போதாது.

'நோ மேன்ஸ் ஸ்கை' (2016) என்ற விண்வெளி கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிரபஞ்சம் கணக்கு விதிகளிலிருந்து பிறப்பது. ஒரு நட்சத்திர மண்டலத்தில் எனக்குக் கிடைக்கும் கப்பல்தான் உங்களுக்கும் கிடைக்கும். அந்த இடத்தின் முகவரியான 12 நுழைவாயில் குறிகளை யாரோ சொல்லிவிட்டால் தேடல் முடிந்தது, மிச்சம் வெறும் பயணம். (விளையாட நேரமில்லாதவர்களுக்கு அது வரம்தான்.)

'ஈவ் ஆன்லைன்' என்ற இன்னொரு விண்வெளி கேம், 2009-இல் புழுத்துளைகளை (தொலைதூர மண்டலங்களை இணைக்கும் குறுக்குவழிகளை) கொண்டுவந்தபோது வேறு வழி பிடித்தது. வாசல்கள் மூடிக்கொள்ளும், வேறிடத்தில் திறக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை, அவர்களாக வாய் திறக்காதவரை, அரட்டைப் பட்டியல் காட்டாது. நேற்றைய தகவல் இன்றைக்குச் செல்லாது. நம் மலைக் குறிஞ்சியும் இப்படித்தானே: 12 ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஊருக்கே தெரியும், இந்தத் தடவை எந்தச் சரிவில் என்பது நடந்து போகிறவருக்குத்தான் தெரியும். உங்கள் கப்பலும் இடம் மாறட்டும். ஆனால் வெறும் குருட்டு அதிர்ஷ்டமாக்காதீர்கள், தடயம் வேண்டும்.

இன்னொரு ஓட்டை, கேம் கோப்புகள். கப்பலின் வடிவம் முன்பே அதில் இருந்தால், விளையாடாமலே தோண்டி எடுத்துவிடுவார்கள். தோன்றும் விதியைச் சர்வரிலேயே வையுங்கள், வடிவத்தை முதல் ஆள் நெருங்கும்போது அனுப்புங்கள். கோப்பு சின்னதாக இருக்கட்டும், மழைக்காலத்தில் நம்மூர் நெட் தாங்காது.