நோவைக் கூட்டிவிடும் முண்ணாண்: கேள்வி பதில்

தீராத நோ பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு, உடற்றொழிலியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனது பதில்கள்.

வாழைச்சேனை: அண்ணன், மூன்று வருடமாக நாரி நோ. ஸ்கான் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்கிறார்கள். எல்லாம் என் மனப்பிரமையா?

இல்லை தம்பி, உங்கள் நோ உண்மையானது. உடம்பிலிருந்து வரும் நோச் செய்தி நேரே மூளைக்குப் போவதில்லை. முதலில் முண்ணாணின் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டின்) பின்கொம்புக்கு, அதாவது அதன் பின்பக்கத்து நரம்புக்கலப் பகுதிக்கு வருகிறது. அங்குள்ள நரம்புக்கலங்கள் அதைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும்.

கூட்டுவது எப்படி? நோ நரம்பின் முனையிலிருந்து குளூட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி என்ற செய்தி கடத்தும் பொருட்கள் வெளிவரும். அடுத்த கலத்தில் அந்தச் செய்தியைப் பெறும் என்எம்டிஏ என்ற வாங்கி இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் அதன் வாயை மக்னீசியம் அடைத்திருக்கும். செய்தி விடாமல் வந்துகொண்டே இருந்தால் அடைப்பு விலகி, கல்சியம் உள்ளே பாயும். அப்புறம் அந்தக் கலம் சின்னத் தூண்டலுக்கும் பலமாகத் துடிக்கும். சி நார்கள் எனப்படும் மெல்லிய நோ நரம்பு நார்களை ஒரே அளவில் திரும்பத் திரும்பத் தூண்டினாலும் முண்ணாணின் பதில் கூடிக்கொண்டே போவதை 1966இல் லோர்ன் மெண்டெல் என்ற ஆய்வாளர் காட்டினார். காயத்துக்குப் பிறகு முண்ணாணே கூருணர்வு அடைகிறது, அதாவது சின்னத் தூண்டலையும் பெரிதாக உணர்கிறது என்பதற்கு 1983இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் சான்று தந்தார். இந்த மாற்றம் வழமையான ஸ்கான்களில் தெரியாது. ஸ்கானில் இல்லை என்பதற்காக ஒருவரைப் பொய்க்காரர் ஆக்குவது பெரிய அநியாயம்.

மருதமுனை: தறியில் உட்கார்ந்து நெய்து கை நோகும்போது தடவிவிட்டால் சுகமாக இருக்கிறதே, ஏன்?

தொடுகை நார்கள் முண்ணாணில் உள்ள தடுப்புக் கலங்களை எழுப்பிவிடும். அவை நோச் செய்தியை மட்டுப்படுத்தும். மெல்சாக், வோல் என்ற ஆய்வாளர்கள் 1965இல் சொன்ன கதவுக் கோட்பாடு இதுதான். விபரங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நிற்கிறது.

காத்தான்குடி: சேர், வாப்பாவுக்கு அக்கி மாறி மாதக்கணக்காகிறது. சட்டை பட்டாலே எரிகிறது என்கிறார். புண்ணே இல்லையே?

இப்போது சொன்ன அதே தடுப்புக் கலங்களைப் பாருங்கள். அக்கியால் நரம்பு பழுதானால் அவை பலம் இழக்கும். முண்ணாணில் உள்ள மைக்ரோகிளியா என்ற கலங்கள் விழித்து, பிடிஎன்எஃப் என்ற புரதத்தை வெளிவிடும். அதனால் நரம்புக்கலத்துக்குள் குளோரைட்டு கூடி, காபா என்ற தடுப்புப் பொருள் சரியாக வேலை செய்யாது. அப்போது வெறும் தொடுகையும் நோப் பாதையில் ஏறிவிடும். வாப்பா சொல்வதை நம்புங்கள். இதற்குப் பனடோல் பெரும்பாலும் போதாது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபலின் போன்றவை உதவலாம். வயதானவருக்குத் தலைச்சுற்று, விழுகை வரக்கூடும் என்பதால் டொக்டரிடம் கேட்டே தொடங்குங்கள்.

திருக்கோவில்: வயலில் வெட்டுப்பட்டது, வேலை முடியும்வரை தெரியவில்லையே?

நடுமூளையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் கீழிறங்கும் பாதைகள் முண்ணாணில் நோச் செய்தியை அடக்கிவைக்கும்; வேலை மும்முரத்தில் உங்களுக்கு நடந்தது அதுதான். நித்திரைக் குறைவும் நீடித்த மனக்கவலையும் அந்த அடக்கலைக் குறைத்துவிடும்.

அக்கரைப்பற்று: அப்போ நோவைத் தாங்கிப் பழகுவது நல்லதுதானே?

நான் ஒருபோதும் அப்படிச் சொல்ல மாட்டேன் அக்கா. கடும் நோவை வைத்துக்கொண்டே இருந்தால் முண்ணாண் கூருணர்வு அடைய இடம் கொடுத்ததாகும். நேரத்தோடு வைத்தியம் செய்யுங்கள். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நடமாடுங்கள். நாரி நோவோடு காலில் பலம் குறைந்தால், சிறுநீர் அடைத்தால், பிட்டமும் தொடையிடுக்கும் மரத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.