டைவ்டா, டோவா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அமெரிக்கக் கதைப் புத்தகங்களை விடாமல் படிப்பாள். பள்ளிக் கட்டுரையில் ஒரு பையன் ஆற்றில் பாய்ந்ததை ‘ஹி டோவ் இன்டு த ரிவர்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்து ‘டைவ்டு’ என்று திருத்தி, மார்க்கையும் குறைத்துவிட்டார். எது சரி?
– வாசகி, கரூர்

பதில்: உங்கள் மகள் எழுதியது பிழையே இல்லை அம்மா. ‘டைவ்டு’தான் மூத்த வடிவம். 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் ‘டிரைவ் – டிரோவ்’ சாயலில் ‘டோவ்’ பரவியது. இன்று அங்கே நன்கு படித்தவர்களும் அப்படி எழுதுகிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இரண்டையும் ஏற்கிறது. பிரிட்டனில் ‘டைவ்டு’தான். நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் ஆசிரியை திருத்தியது நியாயம். மார்க்கைக் குறைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓரத்தில் ‘இது அமெரிக்க வழக்கு’ என்று எழுதியிருந்தால் பிள்ளை ஒரு புது விஷயம் கற்றிருப்பாள்.

எனக்கு இதில் பிடித்ததே வேறு. ஆங்கில வினைகள் பொதுவாக ‘-எட்’ (-ed) சேரும் ஒழுங்கான வடிவத்தை நோக்கித்தான் நகரும். ‘ஹெல்ப்’பின் இறந்தகாலம் ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’, இப்போது ‘ஹெல்ப்டு’. ‘டோவ்’ எதிர்த்திசையில் போனது. ‘ஸ்னீக்’ (பதுங்கிச் செல்வது) என்பதற்கு ‘ஸ்னீக்டு’ இருக்க, 1880-களில் அமெரிக்க அச்சில் தலைகாட்டிய ‘ஸ்னக்’கும் அப்படித்தான். நான் நாளிதழில் பிழை திருத்திய காலத்தில், ஏஜென்சி செய்தியில் ‘ஸ்னக்’ வந்தால் யோசிக்காமல் ‘ஸ்னீக்டு’ என்று மாற்றுவோம். இன்று அந்த அளவு கெடுபிடி தேவையில்லை.

ஆனால் ஒன்று. ‘ஹேவ்’, ‘ஹேட்’ வந்தால் அமெரிக்காவிலும் ‘ஹேட் டைவ்டு’ என்றுதான் எழுதுவார்கள். அங்கே ‘டோவ்’ போட்டால் இடிக்கும்.

‘ஹேங்’ விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டபொம்மன் 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார் என்று எழுத ‘ஹேங்டு’ வேண்டும். அவர் படத்தைச் சுவரில் மாட்டினோம் என்றால் ‘ஹங்’. ஆளுக்கு ‘ஹங்’ எழுதுபவர்கள் ஆங்கில நாடுகளிலும் உண்டு. கவனமான எடிட்டர் அதைத் திருத்திவிடுவார்.

பரீட்சைக்கு உங்கள் மகள் ‘டைவ்டு’, ‘ஸ்னீக்டு’ என்றே எழுதட்டும். அப்புறம், சொந்தமாகக் கதை எழுதும்போது ‘டோவ்’ போட ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அந்தக் கதையில் ஸ்பெல்லிங்கும் முழுக்க அமெரிக்க முறையில் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.